மனநல மேடை: நூற்றுக்கு 82 நல்ல மார்க்தானே?

கேள்வி: பள்ளியில் சொன்னதால் 9 வயது மகனுக்கு ஐ.க்யூ. (அறிவுத்திறன்) டெஸ்ட் எடுத்தோம். 82 வந்திருக்கிறது. “நூற்றுக்கு 82 நல்ல மார்க்தானே” என்கிறார் கணவர். “பிள்ளைக்கு மூளை வளரலியாம்லா” என்று அழுகிறார் அத்தை. யார் சொல்வது சரி?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இருவருமே இல்லை. இதில் 100 என்பது முழு மதிப்பெண் அல்ல, அந்த வயதுப் பிள்ளைகளின் சராசரி. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் நடுவில் வருவார்கள். உங்கள் மகனை அவன் வயதுக்காரர்கள் நூறு பேரோடு வரிசையில் நிறுத்தினால், அவனுக்குப் பின்னால் பதினொன்று, பன்னிரண்டு பேர் நிற்பார்கள். பாடம் ஏறக் கொஞ்சம் நேரம் பிடிக்கலாம், அவ்வளவுதான். அறிவுசார் குறைபாடு என்று சொல்வதற்கு எண் 70ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். குளிப்பது, உடுத்துவது, கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருவது போன்றவற்றிலும் வயதுக்கேற்ற திறன் இல்லாதிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான். அத்தையிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

அந்த 82கூட இம்மி பிசகாத எண் அல்ல. ஐந்து புள்ளி முன்னே பின்னே இருக்கும். அதைவிட முக்கியம், ரிப்போர்ட்டின் உள்பக்கம். இந்தியப் பிள்ளைகளுக்கென உளவியலாளர் மாலின் வகுத்த அளவுகோலில் எடுத்த டெஸ்ட் என்றால் மொழி சார்ந்த பகுதிக்கும் கைவேலை சார்ந்த பகுதிக்கும் தனித்தனி எண் இருக்கும். ஒன்று 70, மற்றது 95 என்று வந்திருந்தால் மொத்த எண்ணால் பயனில்லை. எங்கே இடறுகிறான் என்றுதான் பார்க்க வேண்டும். வாசிப்பதில் சிக்கலா? வீட்டில் தமிழ் பேசுகிறவனிடம் ஆங்கிலத்தில் கேட்டார்களா? காய்ச்சலில் கிடந்து எழுந்த மறுநாளா? காதையும் கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். வகுப்பில் பாதி காதில் விழாத பிள்ளைகள் ‘மந்தம்’ என்று பெயர் வாங்குவது புதிதல்ல.

அடுத்த மாதமே மறுபடி எடுக்க வேண்டாம். கேள்விகள் பழகிப்போய் எண் சும்மாவே ஏறும். ஒரு வருடமாவது போகட்டும்.

கேள்வி: இணையத்தில் ஆளுமை டெஸ்ட் எடுத்தேன். போன மாதம் ‘அகமுகி’ (தனிமை விரும்பி), இந்த மாதம் ‘புறமுகி’ (கலகலப்பாகப் பழகுபவர்) என்று வந்தது. எது நான்?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள். நடுவில் கோடு கிழித்து இரண்டு பெட்டியாகப் பிரித்தால், ஒரு கேள்விக்குப் பதில் மாறியதும் பெட்டி மாறிவிடும். உங்கள் குணம் மாறவில்லை.

கேள்வி: பேரனுக்கு 5 வயது. குட்டைத் தம்ளர் பாலை உயரத் தம்ளரில் ஊற்றினால் “நிறைய இருக்கு” என்கிறான். கருப்பட்டி மிட்டாயை இரண்டாக உடைத்தால் கூடுதல் கிடைத்ததாகச் சந்தோஷம். விவரம் பத்தாதோ?
– பாட்டி, சங்கரன்கோவில்

பதில்: வயதுக்குரிய விவரம்தான். பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே விவரித்த கட்டம் இது. உயரத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு அகலம் கணக்கில் வராது. வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற தெளிவு திரவத்தில் சுமார் 7 வயதில் வரும், எடையில் இன்னும் தாமதமாக. சோதிக்க ஆசையென்றால் ஒரே மாதிரி இரண்டு தம்ளரில் சமமாகப் பால் ஊற்றி, சமம்தான் என்று அவன் ஒப்புக்கொண்ட பிறகு ஒன்றை உயரத் தம்ளருக்கு மாற்றி ஊற்றுங்கள். அதன் பிறகு ‘எதில் அதிகம்?’ என்று ஒருமுறைதான் கேட்க வேண்டும். திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்பு போல என்று நினைத்துப் பதிலை மாற்றிவிடுவான்.