முதலில் காற்றுக்கு வழி பாருங்கள்

கேள்வி: ஐயா, என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். கிளப்பில் கொடுப்பது ஸ்பிரிங் துப்பாக்கி. மேலே போக வேண்டுமென்றால் சிலிண்டரில் காற்றை முன்னமே அடைத்து வைத்துச் சுடும் பி.சி.பி. துப்பாக்கி வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வீட்டில் பழைய ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்று கிடக்கிறது. அதிலேயே காற்று சிலிண்டர் பொருத்தித் தருவதாக மார்த்தாண்டத்தில் லேத் வைத்திருக்கும் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
— ஒரு தாய், பனச்சமூடு

பதில்: சகோதரி, லேத் வேலை வேண்டாம். இதை மட்டும் இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நான் பாறசாலையில் முப்பது வருடம் டீசல் பம்ப் வேலை பார்த்தவன். அழுத்தம் என்றால் என்ன என்று என் கைகளுக்குத் தெரியும். லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). பி.சி.பி. துப்பாக்கியின் சிலிண்டரில் இருப்பது 200 பார். 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மூடியை அந்தக் காற்று 1,200 கிலோவுக்கு மேல் எடை வைத்தது போலத் தள்ளும். அந்த மூடிக்கு நேர் பின்னால்தான் உங்கள் பிள்ளையின் கன்னம் இருக்கும். லேத்காரர் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம். ஆனால் எந்த உலோகம், எத்தனை பாரில் சோதித்தது, தேதி என்ன என்பதெல்லாம் சிலிண்டரில் குத்தியிருக்க வேண்டும். கடைசலில் செய்ததில் அது இருக்காது.

சரி, ஸ்பிரிங்கை விட்டு மாறத்தான் வேண்டுமா? மாறுங்கள். ஸ்பிரிங்கில் பழகினால்தான் கை திருந்தும் என்று சிலர் பிடிவாதமாகச் சொல்வார்கள். ஒரு வருடத்துக்கு அது சரி, உங்கள் பிள்ளை இரண்டு வருடம் பழகிவிட்டாள். ஸ்பிரிங் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னால் பாயும், துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் இழுக்கும். இவ்வளவும் குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்குள் நடந்துவிடும். போட்டி என்றால் 60 குண்டு. ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்கை மடக்கி ஏற்றி, முப்பதாவது குண்டுக்குள் பதினான்கு வயதுத் தோள் சோர்ந்துவிடும். அப்புறம் நிற்கும் நிலை கெடும். பி.சி.பி.யில் காற்று முன்னமே அடைத்து வைத்திருக்கிறது. ரெகுலேட்டர் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு அழுத்தத்தைக் கொடுக்கிறது, சின்ன சுத்தியல் ஒன்று வால்வைத் தட்டுகிறது, அவ்வளவுதான்.

நடு இலக்கான பத்தின் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். குண்டு விநாடிக்கு 172 மீட்டர் வேகத்தில் போனால் 10 மீட்டருக்குள் சுமார் 16.6 மில்லிமீட்டர் தாழும். வேகம் 167 ஆகக் குறைந்தால் இன்னும் ஒரு மில்லிமீட்டர் தாழும். ஒவ்வொரு வளையத்தையும் பத்தாகப் பிரிக்கும் தசம புள்ளிக் கணக்கில் அது 0.4. பிள்ளை ஒரு தவறும் செய்யாமலே இந்த 0.4 போய்விடும். அதனால் ரைஃபிள் பார்க்கும்போது மரக்கட்டையின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், ரெகுலேட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். குண்டின் வேகத்தை அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் கொண்டுபோய் இருபது குண்டு சுட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் ரைஃபிளுக்கு முன்னால் வேறு ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். காற்றை எங்கே நிரப்பப் போகிறீர்கள்? டயர் கடை கம்ப்ரசர் 10 பாரில் நின்றுவிடும், அது உதவாது. மூன்று கட்டக் கை பம்ப் வாங்கலாம். எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள், நானும் வாங்கினேன்.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்த நேரம். என் அண்ணன் மகள் பயிற்சிக்கு ஒவ்வொரு நாளும் திண்ணையில் நின்று பம்ப் அடித்துக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அவள் குண்டுகள் ஒன்பதில் கீழே கீழே போய் விழுந்தன. பாவம், தன் மூச்சைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு ரெகுலேட்டரைப் பிரித்தேன். காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் மேல் கிரீஸ் இல்லை. தயிர் திரிந்தது போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சிலிண்டரைக் கவிழ்த்தேன். உள்ளங்கையில் துரு நிறத்தில் தண்ணீர் வடிந்தது. அந்தப் பிள்ளையிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.18 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 36 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போகிறது. நம் ஊர் மழைக்கால ஈரத்தில் அந்த 36 லிட்டரில் கிட்டத்தட்ட ஒரு கிராம் நீராவி இருக்கும். அழுத்தியதும் ஏறக்குறைய முழுவதும் தண்ணீராகிவிடும்: பதினெட்டு, இருபது சொட்டு. பம்பில் உள்ள ஈர வடிகட்டி கொஞ்சம் பிடிக்கும். மிச்சம் உள்ளேதான் போகும்.

ஆகவே முடிந்தால் ஸ்கூபா டாங்க் வழியைப் பாருங்கள். திருவனந்தபுரம் பக்கத்துக் கோவளத்தில் கடலில் முக்குளிக்க அழைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சுவாசக் காற்று நிரப்பும் கம்ப்ரசர் வேண்டும். அந்தக் காற்று உலர்த்தி, வடிகட்டி வருவது. 12 லிட்டர் டாங்க் ஒன்று நிறைத்து வைத்தால், துப்பாக்கியை 100 பாரிலிருந்து 200க்கு ஏற்றும் ஒவ்வொரு முறையும் டாங்கில் ஒன்றரை பார்தான் குறையும். டாங்க் இறங்க இறங்க ரைஃபிளும் அந்த அளவுக்குத்தான் நிறையும். 150 வரை அப்படியே ஓட்டலாம். உங்கள் கிளப்பில் நாலு பெற்றோர் சேர்ந்து வாங்கினால் சுமையே தெரியாது. இதை நான் மனதாரச் சொல்கிறேன், கிளப்பில் பேசுங்கள். நிரப்பும்போது வால்வை மெல்லத் திறக்க வேண்டும். அவசரமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகி 200 காட்டும், ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும்.

பெட்ரோலிய எண்ணெய், சாதாரண கிரீஸ் எதுவும் சிலிண்டர், வால்வு பக்கம் போகக் கூடாது. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தத்தின் சூட்டிலேயே எண்ணெய் பற்றுகிறது. இங்கும் அதுவே நடக்கும். சிலிக்கோன் கிரீஸ் மட்டும் போடுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரில் இருந்து நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.

பழைய வெளிநாட்டு ரைஃபிள் மலிவாக வரும், தாராளமாக வாங்கலாம். ஆனால் சிலிண்டரில் உள்ள தேதியைக் கண்ணால் பாருங்கள். சர்வதேச விதிப்படி சிலிண்டரின் காலம் அதிகபட்சம் பத்து வருடம், அது தாண்டாமல் பார்த்துக்கொள்வது போட்டியாளரின் பொறுப்பு. புது சிலிண்டர் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். எடைக்கு மேல் வரம்பு 5.5 கிலோ, உங்கள் மகளுக்கு அவ்வளவு வேண்டாம். குட்டையான அலுமினிய சிலிண்டர் உள்ளதாகப் பாருங்கள். வாங்குவதற்கு முன் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரு போட்டி நடக்கும் நாளில் அவளைக் கூட்டிப் போய், பிள்ளைகள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று காட்டுங்கள்.

கேள்வி: வளைகுடாவில் இருக்கும் என் தம்பி ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கி விளையாட்டு) விளையாடுகிறான். துப்பாக்கியின் மோட்டார், கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு டாங்க் காற்றில் ஓடும் எஞ்சின் போடப் போகிறானாம். அதில் மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு ஒற்றையா, இரட்டையா என்று கேட்கிறான்.
— வாசகர், கொல்லங்கோடு

பதில்: இரட்டையில் குண்டை ஏற்றும் நாசிலுக்கு ஒன்று, காற்றை விடும் வால்வுக்கு ஒன்று என்று தனித்தனியாக நேரம் வைக்கலாம். நுணுக்கமாகத் திருத்திக்கொண்டே இருக்கப் பிடித்தவருக்கு அது. ஒற்றையில் அந்தத் திருத்தம் குறைவு, கெட்டுப்போகும் பாகமும் குறைவு. முதல் எஞ்சின் என்றால் ஒற்றையே போதும். டாங்கில் 3,000 அல்லது 4,500 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் இன்னொரு அளவு, சுமார் 14.5 சேர்ந்தால் ஒரு பார்) இருந்தாலும் எஞ்சினுக்குப் போவது நூறுக்கு முன்னே பின்னே. ஆகவே எஞ்சினில் மிச்சம் பிடித்து ரெகுலேட்டரில் நல்லதாகப் போடச் சொல்லுங்கள். வேகம் அளக்கும்போது விளையாட்டில் போடும் அதே எடைக் குண்டைப் போட்டு அளக்க வேண்டும். கனமான குண்டு குழலில் கூடுதல் நேரம் இருப்பதால் பின்னால் வரும் காற்றையும் வாங்கிக்கொள்ளும். இலேசான குண்டில் சக்தி வரம்புக்குள் இருந்த துப்பாக்கி கனமானதில் வரம்பு தாண்டலாம், எதிரே நிற்பவருக்குக் காயம் படும்.

மோட்டார் போனாலும் சோலனாய்டுக்குச் சின்ன பாட்டரி வேண்டும், அதை மறந்துவிடப் போகிறான். அப்புறம், அவன் இருக்கும் இடத்தில் டாங்க் நிரப்பித் தரும் கடை எவ்வளவு தூரம் என்று கேட்டு எழுதுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் இப்போதைக்கு கியர்பாக்ஸே இருக்கட்டும்.