இமையில் ஒட்டியிருப்பது பொடுகா, பூச்சியா?

கேள்வி: என் வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டு வேலைக்குப் போகிறவர். விடியற்காலை மூன்று மணிக்கு எழும்போதே கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் எழுகிறார். இமையோரம் சிவந்து, முடியின் அடியில் பொடுகு மாதிரி இருக்கிறது. இரண்டு தடவை சொட்டு மருந்து விட்டும் திரும்ப வருகிறது. தலைப்பேன் இறங்கிவிட்டதா? அத்தை நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொல்கிறார், விடலாமா? (வாசகி, குலசேகரம்)

பதில்: பூச்சாறு வேண்டவே வேண்டாம். சுத்தம் செய்யாத எந்தச் சாறும் கண்ணில் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், பால்கறை படிந்த கையும் அப்படித்தான்.

பேனாகவும் தெரியவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டெமோடெக்ஸ் என்கிற உண்ணியாக இருக்கலாம். எட்டுக் கால், நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வகை இமைமுடி வேரிலும் இன்னொரு வகை எண்ணெய்ச் சுரப்பியிலும் வாழும். வயது ஏற ஏற நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பதுதான், அதனால் இது அழுக்கால் வந்த நோய் என்று யாரும் அவரைக் குறை சொல்ல வேண்டாம். எண்ணிக்கை பெருகும்போதுதான் இமை வீங்கி அரிக்கிறது. இருட்டில்தான் வெளியே வந்து நடமாடும், காலையில் அரிப்பு கூடுவதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

வெளிச்சத்தில் அவரைக் கீழே பார்க்கச் சொல்லி மேல் இமையைப் பாருங்கள். முடியின் அடியைச் சுற்றி, சட்டைக் காலர் மாதிரி, பளபளப்பான சின்னக் குழல் ஒட்டியிருந்தால் சந்தேகம் பெரும்பாலும் சரி. பொடுகு என்றால் முடி நெடுக அங்கங்கே சிதறிக் கிடக்கும்.

சாதாரண ஆன்டிபயாடிக் சொட்டு பாக்டீரியாவைக் கொல்லும், உண்ணியைக் கொல்லாது, அதனால்தான் திரும்ப வருகிறது. முட்டையிலிருந்து சாவு வரை அதன் ஆயுள் இரண்டு மூன்று வாரம் என்பதால், நான்கு நாள் பார்த்துவிட்டு நிறுத்தினால் பலன் இல்லை, ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். வெதுவெதுப்பான துணி ஒத்தடம், அப்புறம் டாக்டர் சொல்லும் இமை சுத்தம் செய்யும் துடைப்பான். டீ ட்ரீ எண்ணெய் சேர்த்ததும் கிடைக்கிறது, ஆனால் அந்த எண்ணெயை நேரடியாகத் தடவினால் கருவிழி புண்ணாகிவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த உண்ணிக்கென்றே லோட்டிலானர் என்ற சொட்டு மருந்தை 2023இல் அமெரிக்கா அனுமதித்தது. இங்கே ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஐவர்மெக்டின் என்ற மருந்தும் தருவார்கள், டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும். தலையணை உறையை வெந்நீரில் அலசுங்கள்.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும், தெரியும். மழை பெய்து வெட்டு இல்லாத நாளில் போங்கள். கண் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சம் கூசினாலோ மழைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.