வாவிப் பறவைகளைப் படமெடுக்கும் அப்பாவுக்குக் குறைந்த செலவில் எந்த டெஸ்க்டாப் வாங்கலாம்?

மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் உங்கள் அப்பா வாவிப் பறவைகளின் படங்களைத் திருத்துவார், பழைய பாட்டுகளைச் சேர்த்து வைப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குப் புது மெஷின் தேவையில்லை. அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்பி டெஸ்க்டாப் ஒன்று தாராளமாகப் போதும்.

ஆனால் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசருக்குக் குறையாமல் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் ஐ5, ஐ7 பிராசசர்களில் பெரும்பாலானவற்றை முறைப்படி ஏற்காது. "ஐ7 தம்பி, மலிவு" என்று கடைக்காரர் நீட்டினால், எத்தனையாம் தலைமுறை என்று கேளுங்கள்.

ரேம் 8 ஜிபி போதும், 16 என்றால் படம் திருத்த வசதி. விண்டோஸ், ஹார்ட் டிஸ்கைவிட வேகமான எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும். பாட்டும் படமும் சாதாரண ஹார்ட் டிஸ்கில் கிடக்கட்டும், அப்புறம் வெளியே இன்னொரு பிரதியும். தனி கிராபிக்ஸ் கார்ட் வீண் செலவு.

மிச்சக் காசை 24 அங்குல ஐபிஎஸ் (நிறத்தை நன்றாகக் காட்டும் திரை வகை) மானிட்டருக்குப் போடுங்கள். மீன்கொத்தியின் நீலம் அதில் ஒழுங்காகத் தெரியும், அப்பாவின் கண்ணுக்கும் சுகம். கரண்ட் திடீரென்று போகும் வீடென்றால் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடவிடும் சின்ன யூபிஎஸ் ஒன்றும் வேண்டும். கடற்காற்று வரும் ஜன்னலோரம் மட்டும் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள், உப்புப் பிடித்துவிடும்.