ஹால் விளக்கு எரியட்டும்

கேள்வி: நாங்கள் டெக்சாஸில், ஆஸ்டினில் இருக்கிறோம். எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்காக சான் அன்டோனியோ நகரின் நடுவில் உள்ள மெங்கர் ஓட்டலில் இரண்டு ராத்திரி தங்க என் கணவர் ரூம் போட்டிருக்கிறார். பேய் நடமாடுகிறது என்று பெயர் வாங்கிய பழைய ஓட்டல். எட்டு வயது மகனும் வருகிறான். ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் மாமியார், "செத்தவங்க உலாத்துற எடத்துக்குப் பச்சப் புள்ளையக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்று தினமும் ஒரு பாட்டம் அழுகிறார். மாமனார் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அதிலிருந்தே அவருக்கு எதற்கெடுத்தாலும் பயம். ராத்திரி ஹால் லைட்டை அணைக்க விடமாட்டார், அங்கேயே சோபாவில் படுத்துக்கொள்வார். கரண்ட் பில் எகிறுகிறது. இரண்டு நாளைக்குச் சமைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போவதாக இருக்கிறேன். இந்த மூடநம்பிக்கைக்கு நாங்கள் பணிய வேண்டுமா? பேய் உண்டா? பையன் பயந்துவிடுவானா?
- பெயர் வேண்டாம்

பதில்: பேய் உண்டா என்று கேட்டு எனக்கு அடிக்கடி கடிதம் வருகிறது. புளியமரத்துப் பேய், மூடிய கிணற்றுப் பேய், வாடகை வீட்டுப் பேய். இப்போது ஓட்டல் பேய். நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. பையனைப் பற்றியும் கவலைப்படவில்லை. வைஃபை கிடைக்காவிட்டால்தான் அவன் அலறுவான்.

என் கண்ணை உறுத்தியது உங்கள் கரண்ட் பில்.

கணக்குப் போடுவோமா? பத்து வாட் எல்இடி பல்பு, ராத்திரி பத்து மணி நேரம். மாதம் முழுக்க எரிந்தாலும் 3 யூனிட். உங்கள் ஊர் விலைக்கு ஒரு டாலர்கூட ஆகாது. டெக்சாஸில் பில்லை ஏற்றுவது ஏசி, அது உங்களுக்கும் தெரியும். அப்புறம் எதற்கு அந்த விளக்கின் மேல் பழி? தண்ணீர் குடிக்க எழுந்து வரும்போதெல்லாம் சோபாவில் ஒரு மனுஷி முழித்துக்கொண்டு படுத்திருப்பது கண்ணில் படுகிறதே, அதுதானே உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது?

அவர் ஏன் ஹாலில் படுக்கிறார் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? என் அப்பா போன பிறகு அம்மாவும் அப்படித்தான் ரேழியில் பாய் போட்டுப் படுத்தாள். "உள்ள காத்தே வரலடி" என்பாள். மார்கழியிலும் அதையேதான் சொன்னாள். அறைக்குள் படுத்தால் பக்கத்து இடம் காலியாகத் தெரியும், ரேழியில் படுத்தால் யாராவது தாண்டிப் போவார்கள் என்பது என் மரமண்டைக்கு உறைக்க இரண்டு வருஷம் ஆனது. அதனால் உங்களைத் திட்டுகிற தகுதி எனக்கு நன்றாகவே இருக்கிறது.

நம் பக்கத்தில் சாவு வீட்டில் காரியம் முடியும்வரை விளக்கை அணைய விடுவதில்லை. சொந்தக்காரப் பெண்கள் யாராவது துணைக்கு வந்து படுப்பார்கள். உங்கள் அத்தைக்கு ஆஸ்டினில் யார் வந்து படுத்தார்கள்? அவரை இரண்டு ராத்திரி தனியாக விட்டுவிட்டு, டப்பாவில் சாம்பாரை மட்டும் துணைக்கு வைத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவும் அவருக்கு அங்கே பாஷை கிடையாது. "என்னை விட்டுட்டுப் போகாதீங்க" என்று மருமகளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பேரனைச் சாக்கு வைத்து அழுகிறார். நீங்கள் அதற்கு மூடநம்பிக்கை என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

சரி, ஓட்டலுக்கு வருவோம். அங்கே சொல்லப்படும் கதைகளில் பெரிய மனிதர்கள் நிறைய. 1885இல் அங்கேயே தங்கியிருந்து இறந்த பண்ணை முதலாளி ரிச்சர்ட் கிங் உண்டு. 1898இல் அந்த ஓட்டலின் மதுக்கூடத்தில் தன் குதிரைப் படைக்கு ஆள் சேர்த்த, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்டும் உண்டு. அவர்களை விடுங்கள். எல்லோரும் அதிகம் பேசுவது சாலி வைட் என்ற பெண்ணைப் பற்றி. அங்கே அறைகளைச் சுத்தம் செய்த கறுப்பினப் பெண். 1876 மார்ச்சில் கட்டிய புருஷனே அவளைச் சுட்டான். இரண்டு நாள் கிடந்து செத்தாள். அடக்கச் செலவை ஓட்டல் ஏற்றது: சவப்பெட்டிக்கு 25 டாலர், குழிக்கு 7 டாலர். கணக்குப் புத்தகத்தில் அவர்கள் எழுதிவைத்த வரி அது. இன்றைக்கும் கையில் துண்டுகளை அடுக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் அவள் நடக்கிறாளாம். செத்த பிறகும் அவளுக்கு வேலையிலிருந்து விடுதலை இல்லை, நாமும் அதைக் காசு கொடுத்துக் கேட்டு மெய்சிலிர்க்கிறோம். எனக்கு அந்தக் கதையில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

முன்பின் தெரியாத ஒருத்தியின் சாவைக் கேட்க 130 கிலோமீட்டர் காரோட்டிப் போகப் போகிறீர்கள். சொந்த மாமனாரின் சாவைப் பற்றி எட்டு மாதத்தில் எத்தனை முறை அத்தையோடு உட்கார்ந்து பேசினீர்கள்? உங்கள் கடிதத்தில் மாமனாருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்.

கல்யாண நாளுக்குத் தனிமை வேண்டும் என்று சொல்லாதீர்கள். பையன் ஏற்கெனவே வருகிறான். கட்டில் இரண்டு உள்ள அறையாகக் கேளுங்கள், அத்தையையும் கூட்டிப் போங்கள். ராத்திரிப் பேய்க்கதையை விட்டுவிட்டு, பகலில் பக்கத்திலேயே இருக்கும் அலமோவைக் காட்டுங்கள். 1836இல் பதின்மூன்று நாள் முற்றுகைக்குப் பிறகு, காவல் நின்ற ஏறக்குறைய 200 பேர் செத்த கோட்டை அது. நல்ல வழிகாட்டி கிடைத்தால் பையன் பேயை மறந்துவிடுவான். மெங்கரில் மாம்பழ ஐஸ்கிரீம் பேர்போனது. அத்தைக்கு ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுங்கள். 'நம்மூர் மாம்பழம் மாதிரி வருமா' என்று அவர் குறை சொல்லட்டும். அப்படிக் குறை சொல்லியாவது அவர் வாய்திறந்து பேசட்டும்.

இன்னொன்று. அவரைக் கூப்பிட வேண்டியது நீங்கள் இல்லை. ரூம் போடத் தெரிந்த உங்கள் கணவர், அம்மா அழுவது பற்றி என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இன்று ராத்திரி அவர் போய் அந்த சோபாவில் உட்காரட்டும். "அம்மா, நீயும் கிளம்பு" என்பது மகன் வாயால் வரட்டும்.

அப்படியும் வரமாட்டேன் என்றால் ரூமை ரத்து செய்யுங்கள். இன்னும் நான்கு மாதத்தில் மாமனாரின் வருஷத் திவசம் வருகிறது, அதை முடித்துவிட்டுப் போங்கள். 1859இலிருந்து நிற்கிற ஓட்டல் அதற்குள் எங்கேயும் ஓடிவிடாது.