மேடை நாடகத்தில் விறுவிறுப்பை எப்படிக் கொண்டுவருவது?

"கதை நன்றாக இருக்கிறது, ஆனால் விறுவிறுப்பு இல்லை என்கிறார்கள், என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் காட்சியில் வெடிக்கப்போகும் ரகசியம் ஒன்றை எவருக்கும் காட்டாமல் பூட்டி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அந்தப் பள்ளத்தில்தான் விழுந்தேன். நான் நாடகப் பேராசிரியன் அல்ல; ஆறு நாடகங்கள் எழுதி, அவற்றில் நான்கில் தோற்றவன். அந்த அளவுக்கு என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

1990களில் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஆண்டுதோறும் நாடகப் போட்டி நடக்கும். ஒரு குழுவுக்கு 45 நிமிடம். என் கதையில் ஓய்வுபெற்ற தகப்பனார், இரண்டு மகன்கள், ஒரு மருமகள். தகப்பனார் வீட்டை யாருக்கும் தெரியாமல் அடகு வைத்திருக்கிறார். மகன்களோ மாடி கட்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாற்பதாவது நிமிடத்தில் அடமானப் பத்திரம் வெளியே வரும், அரங்கமே அதிரும் என்பது என் கணக்கு.

பத்தாவது நிமிடத்திலேயே பின்வரிசையில் வேர்க்கடலை உடைக்கும் சத்தம் கேட்டது. காபிக்கு எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. பத்திரம் வெளியே வந்தபோது "ஓகோ" என்று நாலு பேர் சொன்னார்கள். நாற்பது நிமிடம் கட்டிக் காத்ததற்கு நாலு "ஓகோ".

எங்களுக்கு ஒப்பனை செய்தவர் செய்யாறு பக்கத்துக்காரர், தெருக்கூத்தில் வேஷம் கட்டும் குடும்பம். தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, பத்திரம் இருக்கும் இடம் உனக்குத் தெரியும், அந்தக் கிழவருக்கும் தெரியும். எங்களுக்கு ஏன் சொல்லவில்லை? மாடி கட்டும் கதையை நாங்கள் எதற்காக உட்கார்ந்து கேட்க வேண்டும்?" எனக்கு வந்த கோபத்தில் அவருக்குத் தரவேண்டிய கூலியில் நூற்றைம்பது ரூபாயை "அப்புறம் தருகிறேன்" என்று நிறுத்திவைத்தேன். அற்பத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த சித்திரையில் அவரே என்னைத் தன் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் கூட்டிப்போனார். அன்றிரவு கர்ண மோட்சம் கூத்து. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் கால்களும்தான் தெரிகின்றன. பாட்டு வருகிறது, முகவீணை என்கிற சின்னக் குழல் கூடவே இழைகிறது, ஆள் மட்டும் வருவதாயில்லை. வரப்போவது கர்ணன் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் மறுநாள் சாகப்போகிறான் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் போருக்குப் புறப்படுகிறவனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் தர்க்கம் நடந்த அந்த நடுச்சாமத்தில் ஒரு பாட்டி வெற்றிலையை மடித்த கையோடு அப்படியே இருந்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவன் போனால் திரும்பமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்ததால்தான் அவன் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் அவளை உலுக்கியது. முடிவு தெரியாதவளாக இருந்திருந்தால் வெற்றிலையை மென்றிருப்பாள்.

ஊருக்குத் திரும்பியதும் அடுத்த போட்டிக்கு அதே நாடகத்தை எடுத்தேன். வசனத்தில் பத்து வரிகூட மாற்றவில்லை. முதல் மூன்று நிமிடத்தில், வீட்டில் யாரும் இல்லாதபோது, தகப்பனார் பத்திரத்தை முருகன் படத்துக்குப் பின்னால் செருகுகிறார். அவ்வளவுதான். அதற்குப்பின் அந்தப் படத்தின் பக்கம் யார் போனாலும் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை என்று மருமகள் துணியோடு படத்தைத் துடைக்க வருகிறாள். வெள்ளையடிக்க வேண்டும், படங்களைக் கழற்றுங்கள் என்கிறான் சின்ன மகன். முந்தின வருடம் கொட்டாவி வரவழைத்த அதே மாடிப் பேச்சு இப்போது கேட்கவே சங்கடமாக இருந்தது. தகப்பனார் கூடவே நிற்கிறார், வாய் திறக்க முடியாது. "காபி கொண்டுவா அம்மா" என்று மருமகளைத் திசைதிருப்புகிறார். அவளாக நடித்த பெண்ணிடம், படத்தில் கை வைத்ததும் மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஒத்திகையில் மூன்றுக்குமேல் அவளுக்குப் பொறுமை இருந்ததில்லை. அன்றைக்கு எட்டு வரை எண்ணியிருப்பாள். சபையிலிருந்து ஒரு பெண்குரல், "அதைத் தொடாதேம்மா!"

இதைக் கண்டுபிடித்தவன் நான் என்று சொல்லவில்லை. 1879இல் கோபன்ஹேகனில் முதலில் மேடையேறிய நார்வேக்காரர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தில், நோரா கணவனிடம் மறைத்துவைத்த ரகசியத்தை உடைக்கும் கடிதம் தபால் பெட்டியில் விழுந்து கிடக்கிறது. சாவி கணவனிடம். அவன் அந்தப் பக்கம் போகாமலிருக்க அவள் வெறிபிடித்தவள்போல் நடனம் ஆடிக் காட்டுகிறாள். கடிதத்தில் இருப்பது நமக்குத் தெரியும், ஆடுகிறவளுக்கும் தெரியும், பார்த்துத் திருத்துகிற கணவனுக்குத் தெரியாது. பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபகிளிசின் ஈடிப்பஸ், தெரியாமல் தகப்பனைக் கொன்று தாயையே மணந்தவன்; அந்தக் கதையும் ஏதென்ஸ்காரர்கள் அறிந்த கதைதான். உண்மையைத் தோண்டாதே என்று அந்தத் தாய் யொக்காஸ்தா கெஞ்ச, அவன் தோண்டிக்கொண்டே போகிறான்.

துப்பறியும் நாடகங்கள் ரகசியத்தை வைத்துத்தானே ஓடுகின்றன என்று ஒருவர் கிளம்புவார். ஓடட்டும். அங்கும் இந்தக் கூடத்தில் ஒருவன் கொலைகாரன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள் அல்லவா? எதுவுமே தெரியாத சபை எதற்காகப் பதற வேண்டும்?

எங்களுக்கு என்ன பரிசு கிடைத்தது என்று கேட்பீர்கள். மூன்றாவது. "எதிர்பாராத திருப்பம் இல்லை" என்று நடுவர் மதிப்பெண் தாளில் எழுதியிருந்தார். போதாததற்கு, சிறப்பு விருந்தினர் சீக்கிரம் போக வேண்டும் என்று மருமகள் காட்சி முடிந்த கையோடு திரையை இறக்கி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவரும் பதினைந்து நிமிடம் குடும்ப ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை என்று அத்தனை பேரும் பட்டங்களோடு இருந்தார்கள். எழுதியவன் பெயர் கடைசி வரியில், அதுவும் எழுத்துப்பிழையோடு. சமையல்காரர் பெயர் என் பெயருக்கு மேலே இருந்தது. அவர் கேசரி நன்றாகத்தான் செய்திருந்தார், அதை மறுக்கவில்லை.

ஒப்பனைக்காரர் அன்று முழு நாடகத்தையும் பக்கத் திரையோரம் நின்று பார்த்தார். முடிந்ததும் ஏதாவது சொல்வார் என்று அருகில் போய் நின்றேன். பெட்டியை மூடிவிட்டு, "தம்பி, போன வருடத்து நூற்றைம்பது" என்றார். கொடுத்தேன்.