மதத்தை எப்படி எண்ணுகிறார்கள்? – கேள்வி பதில்

பிரிட்டனில் மதமில்லாதவர் எத்தனை பேர்? ஆய்வுக்கு ஆய்வு எண் மாறுகிறதே?

2001-ல் இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் “உங்கள் மதம் என்ன?” என்று கேட்டார்கள். இல்லை என்றவர்கள் சுமார் 15%. அதே காலத்தில் பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வு “எந்த மதத்தையாவது சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?” என்று கேட்டது, எண் 40%-ஐ ஒட்டிப் போனது. முதல் கேள்வி, மதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது. ஞானஸ்நானம் வாங்கியதோடு சரி என்பவரும் ‘கிறிஸ்தவர்’ என்று டிக் அடித்துவிடுவார். சதவீதத்துக்கு முன் கேள்வியைப் படியுங்கள்.

நம் ஊரில் கணக்கெடுக்க வருபவரே ‘இந்து’ என்று போட்டுவிடுகிறாராமே?

போடக் கூடாது. சொன்னதை அப்படியே எழுத வேண்டும், வாதாடக் கூடாது. 2011 படிவத்தில் ஆறு மதங்களுக்கு எண் உண்டு: இந்து 1, சமணர் 6. மற்றதைப் பெயராக முழுதாக எழுத வேண்டும். அந்த ஆண்டு நானும் வீடு வீடாகப் போனேன். ஒரு திண்ணையில் பாட்டி, “நாங்க அய்யனாரக் கும்புடுறவுக” என்றார். உள்ளேயிருந்து மகன், “இந்துன்னு போடுங்க சார்” என்றார். இரண்டாவதுதான் பதிவானது. வீட்டுக்கு ஒருவர் பதில் சொன்னால் இப்படித்தான். ஜார்க்கண்ட் பக்கத்து ஆதிவாசிகள் விடவில்லை. தங்கள் இயற்கை வழிபாட்டு மதத்தை ‘சர்னா’ என்று பெயர் சொல்லிப் பதிந்தவர்கள் சுமார் 49 லட்சம். தனி எண் கேட்டு 2020-ல் ஜார்க்கண்ட் சட்டமன்றமே தீர்மானம் போட்டது.

மதமில்லை என்று சான்றிதழ் எப்படி வாங்குவது?

என் துறை இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் 6.1% என்பது பொய்தானே?

‘பொய்’ என்பதை ஏற்க மாட்டேன். குடியரசுத் தலைவரின் 1950 ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறிஸ்தவருக்கு இல்லை. கணக்கெடுப்பு விவரம் ரகசியம்தான். ஆனாலும் பிள்ளையின் படிப்புச் சலுகை போய்விடுமோ என்று பயப்படும் தாய் எதைச் சொல்வாள்?

அப்படியென்றால் சலுகைக்காக நடிக்கிறார்கள்!

இல்லை ஐயா. ஞாயிறு பூசைக்கும் போய், குலதெய்வத்துக்குப் பொங்கலும் வைக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். இரண்டையும் மனதாரச் செய்கிறார்கள். படிவத்தில்தான் ஒரே கட்டம்.

சரி, வழிபாட்டுக்கு வருபவர்களை எண்ணினால்?

அமெரிக்காவில், ஒஹாயோவின் ஆஷ்டபுலா மாவட்டத்தில் செய்தார்கள். சில தேவாலயங்களில் வாசலில் நின்ற கார்களையே எண்ணினார்கள். வாராவாரம் போவதாகச் சொன்னவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் தேறினார்கள். ஆய்வு 1993-ல் வெளியானது. பூசையறையிலேயே கும்பிடுபவரை எந்த வாசலில் நின்று எண்ணுவது?

எந்த மதம் வேகமாக வளர்கிறது?

இன்று நான்காவது முறையாக இதே கேள்வி. எந்த நாடு, எந்த ஆண்டு, எந்த ஆய்வு, அதில் என்ன கேட்டார்கள்? எழுதுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.