விம்மில் பிளக்இன்களை ஒன்றாகக் கொட்டாதீர்கள்

கேள்வி: சார், ஆறு வருடமாக விம் எடிட்டரில்தான் புரோகிராம் எழுதுகிறேன். நல்லதாகக் கண்ணில் படும் பிளக்இன்களை (எடிட்டருக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) ஜிப்பாக இறக்கி, டாட் விம் ஃபோல்டருக்குள் பிரித்துப் போட்டுவிடுவேன். இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. இப்போது ஒன்றை நீக்கலாம் என்றால் எந்த ஃபைல் எதனுடையது என்றே தெரியவில்லை. எடிட்டர் திறக்கவும் நேரமாகிறது. பிளக்இன்களை நிர்வகிக்கும் பிளக்இன் மேனேஜர் போட்டால் சரியாகுமா? விம்மிலிருந்து பிரிந்து வந்த நியோவிம் எடிட்டருக்கு மாறிவிடலாமா?

– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எதையும் தொடுவதற்கு முன் டாட் விம் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வேறிடத்தில் வையுங்கள். அதைச் செய்யாமல் பட்டவன் நான். 2009-ல் இரண்டு பிளக்இன்களை உங்களைப் போலவே ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரித்தேன். இரண்டிலும் எஃப்டிபிளக்இன் ஃபோல்டருக்குள் ஹெச்டிஎம்எல் டாட் விம் என்று ஒரே பெயரில் ஒரு ஃபைல். பழையதை அழித்துவிட்டு எழுதவா என்று கேட்டது, சரி என்று தட்டிவிட்டேன். முதல் பிளக்இன் பாதி வேலை செய்தது, பாதி செய்யவில்லை. எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது.

விம் தன் ஃபைல்களைத் தேடுவதற்கு ரன்டைம்பாத் என்று ஒரு ஃபோல்டர் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உங்களுடையது என்று இருப்பது டாட் விம் ஒன்றுதான். அதனால்தான் எல்லாவற்றையும் அதிலேயே கொட்ட வேண்டியிருந்தது. 2008-ல் டிம் போப் என்ற புரோகிராமர் பேத்தோஜன் என்ற பிளக்இன்னை எழுதினார். ஒவ்வொரு பிளக்இன்னையும் தனித்தனி ஃபோல்டரில் வை, திறக்கும்போது அத்தனை ஃபோல்டர்களையும் ரன்டைம்பாத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்பதுதான் அதன் யோசனை. எத்தனையோ பேரின் தலைவலியை அந்த ஒரு சின்ன ஃபைல் தீர்த்தது. 2016 செப்டம்பரில் வந்த விம் 8, இந்த வசதியைத் தனக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. ஆகவே உங்களுக்கு மேனேஜர் தேவையே இல்லை.

டாட் விம்முக்குள் பேக் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் உங்களுக்குப் பிடித்த பெயரில் ஒன்று, அதற்குள் ஸ்டார்ட், ஆப்ட் என்று இரண்டு. ஸ்டார்ட்டுக்குள் போகும் ஒவ்வொரு பிளக்இன்னும் தன் ஃபோல்டரோடு போக வேண்டும். அது தானாகவே ஏறிக்கொள்ளும், விம்மின் அமைப்பு ஃபைலான விம்ஆர்சியில் ஒரு வரிகூட வேண்டாம். வேண்டாமென்றால் அந்த ஃபோல்டரை நீக்கினால் போதும். பழைய குவியலைப் பிரித்து அடுக்கப் பார்க்காதீர்கள், அது ஆகாத வேலை. வேண்டியதை மட்டும் புதிதாக இறக்கி வையுங்கள். இருபதில் எட்டுகூடத் தேறாது, பாருங்கள். எல்லாம் வைத்து முடித்ததும் ஹெல்ப்டேக்ஸ் ஆல் கட்டளையை ஒருமுறை கொடுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் உதவிப் பக்கங்கள் தேடினால் கிடைக்காது.

அடுத்து வேகம். எது இழுக்கிறது என்று ஊகிக்காமல் அளந்து பாருங்கள். விம்மை ஸ்டார்ட்அப்டைம் ஆப்ஷனோடு, ஒரு ஃபைல் பெயரும் கொடுத்துத் திறந்தால், எந்த ஸ்கிரிப்டுக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று அந்த ஃபைலில் எழுதிவிடும். என் மெஷினில் அட்டவணைகளை நேராக்கும் பிளக்இன் ஒன்றே பாதி நேரத்தை எடுத்துக்கொண்டிருந்தது. மாதம் ஒருமுறைகூட அதைத் தொடமாட்டேன்! ஆப்ட்டுக்கு மாற்றினேன். அங்கே இருப்பவை கூப்பிட்டால்தான் வரும். பேக்ஆட் என்று அடித்துப் பெயரைக் கொடுத்தால் அந்த நிமிடமே ஏறும். விம்மோடு கூடவே வரும் மேட்ச்இட்டும் ஆப்ட்டில்தான் இருக்கிறது. அதை மட்டும் விம்ஆர்சியிலேயே பேக்ஆட் போட்டு, ஒட்டி ஓர் ஆச்சரியக்குறியோடு சேர்த்துவிடுங்கள். சதவீதக் குறியைத் தட்டினால் இஃப்பிலிருந்து எண்ட்இஃப்புக்குத் தாவுவது அவ்வளவு சுகம்.

ஒரு சிக்கல் வரும். ஸ்டார்ட்டில் இருப்பவை விம்ஆர்சி படித்து முடித்த பிறகே ஏறும். பிளக்இன்னின் ஃபங்ஷனை விம்ஆர்சியிலேயே கூப்பிட்டால், அப்படி ஒன்று இல்லை என்று சொல்லக்கூடும். அந்த வரிகளை டாட் விம்முக்குள் ஆஃப்டர், அதற்குள் பிளக்இன் என்ற ஃபோல்டரில் ஒரு ஃபைலாக வையுங்கள், கடைசியில் படிக்கப்படும்.

நீங்களே எழுதிய ஃபங்ஷன்களை விம்ஆர்சியில் சேர்த்துக்கொண்டே போகாமல் டாட் விம்முக்குள் ஆட்டோலோட் ஃபோல்டருக்கு மாற்றுங்கள். ஃபைல் பெயர் கணக்கு என்றால், ஃபங்ஷன் பெயர் கணக்கு, ஹாஷ் குறி, கூட்டு (எல்லாம் ஆங்கில எழுத்தில்தான்). முதல்முறை அதைக் கூப்பிடும்போதுதான் விம் அந்த ஃபைலையே திறக்கும். 2006-ல் விம் 7 தந்த வசதி இது. இதைப் பயன்படுத்தாதவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

நியோவிம்மிலும் இதே பேக், ஸ்டார்ட், ஆப்ட்தான். இடம் மட்டும் வேறு: லினக்ஸில் உங்கள் ஹோமில் டாட் லோக்கல், ஷேர், என்விம், சைட் என்று உள்ளே போக வேண்டும். ஆனால் 2022-ல் விம் 9-உடன் வந்த விம்9 ஸ்கிரிப்ட் என்ற புதிய நிரல்மொழியில் எழுதிய பிளக்இன்கள் அங்கே ஓடாது. உங்களிடம் தேறும் அந்த எட்டில் அப்படி எத்தனை என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், மாறுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.